தோணியில் வந்தவரும் வரிசையில் நின்றவரும்

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒரு படகு ஒதுங்கியது. உள்ளே மியன்மாரிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள், அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். கரையோரச் சனங்கள் சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா இடியப்பத் தட்டைக் கையில் ஏந்தியபடி நின்று பார்த்தார். "பாவம், பச்சப் புள்ளைங்க" என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சற்றுக் கழித்து, "ஆனா இதுவும் கள்ளத்தோணிதானே" என்றார்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே நிறையக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். தமிழில் பிறந்து சிங்களத்துக்கும் போய்ச் சேர்ந்த சொல் அது. இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அவரை ஒரே சொல்லில் நாட்டுக்கு வெளியே நிறுத்திவிட அது போதும். சிங்களவர்கள் சொன்னார்கள், யாழ்ப்பாணத்தாரும் சொன்னார்கள். அன்று அம்மாவின் வாயிலிருந்தே அது வந்தபோது, அவர் மருமகளாக வந்த குடும்பத்தின் கதை எனக்கு மறுபடி முழுவதுமாக ஞாபகம் வந்தது. கொழும்பில் எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான். நாங்கள் வந்தவர்கள், எங்களிலிருந்து போனவர்களும் உண்டு. அப்படியிருந்தும், 'முறையாக வராதவன்' என்று ஒருவரைக் காட்டினால் எங்கள் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அது ஏன் என்பதை விளக்க 1949க்குப் போக வேண்டும்.

எங்கள் தாத்தா 1935இல், பதினான்கு வயதில், இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்தார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கோட்டை நிலையம் வரை மறுபடி ரயில். போட் மெயில் என்பார்கள். கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. இரு கரைகளும் ஒரே வெள்ளைக்கார ஆட்சியின் கீழ் இருந்தன. புறக்கோட்டையில் உறவுக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில், சாமானைக் காகிதத்தில் சுற்றிச் சரை கட்டும் வேலை கிடைத்தது.

தாத்தாவின் தம்பியை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். அவர் வந்தது 1951இல். அதே கிராமம், அதே தாய் தகப்பன், அதே கடை. ஆனால் நடுவில் 1949 நவம்பர் 1 வந்துபோயிருந்தது. குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் குடிவரவுத் திணைக்களம் தொடங்கியதும் அந்த நாளில்தான். அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு அனுமதி வேண்டும். சரை கட்டும் பையனுக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? அவர் இருட்டில் ஒரு தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, நடந்தும் லொறியில் தொற்றியும் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணன் 'குடியிருப்பாளர்', தம்பி 'கள்ளத்தோணி'. குணத்திலோ உழைப்பிலோ இருவருக்கும் வித்தியாசம் இருந்ததாக அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணனுக்கும் நிலைமை சுலபமாக இருக்கவில்லை. 1948 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் கடதாசியில் காட்டவும் வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் பூட்டனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? மலையகத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போனது. இந்தக் கேள்வியில்தான் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

தாத்தாவைப் போன்றவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946க்கு முன்பு, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே இருந்திருந்தால் பதிவுப் பிரஜையாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பத்து வருடத்துக்கு மேல் இழுத்த விசாரணைகளின் முடிவில் ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர்.

அந்த விசாரணை நடந்த ஆண்டுகளில்தான் சின்னத் தாத்தா கடையின் பரணில் ஒளிந்து வாழ்ந்தார். முறையின்றி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். தம்பி பிடிபட்டால் தன் விண்ணப்பமும் போய்விடும் என்று தாத்தா நடுங்கினார். ஊருக்கு மணியார்டர் அனுப்புவதைக்கூட நிறுத்தினாராம். "சோறு போடாமலும் இருக்க முடியல, போடவும் பயமா இருக்கு. அப்படி ஒரு காலம்" என்பார் அப்பத்தா. கடைசியில் ஒருநாள் விடியற்காலை சோதனைக்கு வந்தவர்கள் பரணில் ஏறிவிட்டார்கள். சின்னத் தாத்தாவைக் கீழே இறக்கி நிறுத்தி, இவன் யார் என்று தாத்தாவிடம் கேட்டார்கள். "தெரியாதுங்க, ஊர்க்காரப் பையன்" என்றார் தாத்தா. தம்பி வாய் திறக்கவில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே நிற்க விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் குடும்பத்தின் கலங்கல் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பின்னால் அப்பத்தாவும் மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். ஆனால் கடதாசி உள்ளவன் கடதாசி இல்லாதவனைத் தள்ளி நிறுத்தியே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையைச் சட்டம் உண்டாக்கியது. அதற்கு மேல் அரசியலும் ஏறி நின்றது. 1952இல் கடற்படையும் இராணுவமும் சேர்ந்து வடக்குக் கரையைக் காவல் காக்க 'ஒப்பரேஷன் மொன்டி' தொடங்கியது. 1963இல் அது கள்ளக் குடியேற்றத் தடுப்புப் படையாக விரிந்து 1981 வரை நீடித்தது.

இவற்றுக்கு நடுவே 1954 ஜனவரியில் இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைத் தமிழர்கள் எல்லாரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத வயது வந்தவர்களை எல்லாம் புதிதாகப் பதிவு செய்வது, அந்தப் பதிவு முடிந்த பிறகும் பெயர் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால் அவர் இந்தியாவிலிருந்து கள்ளமாக வந்தவர் என்று கொள்வது, நாடு கடத்துவது. இதுதான் அந்தப் பிரிவு. வாயில் இருக்கும் மொழியே ஒருவருக்கு எதிரான சாட்சி. சின்னத் தாத்தா அன்று வாய் திறக்காததற்கு வேறு காரணம் இருந்திருக்கும். ஆனாலும் இந்தப் பிரிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

1964 அக்டோபர் 30இல் வந்த இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. 'நாடற்றவர்' என்ற நிலை சட்டத்தில் ஏறத்தாழ முடிவுக்கு வர 2003 ஆகிவிட்டது. தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பதிவுச் சான்றிதழ் எங்கள் அலமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் மஞ்சளாகி, மூலையில் இளவயதுத் தாத்தாவின் படம். அப்பாவும் நானும் தங்கச்சியும் கடவுச்சீட்டு எடுத்தபோதெல்லாம் அது வெளியே வந்தது. வம்சாவளியா பதிவா என்று கேட்பார்கள். பதிவு என்றால் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

இதுவரை சொன்னது உள்ளே வந்த கதை. வெளியே போன கதை என் மனைவி வீட்டார் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர்.

மனைவியின் மூத்த அண்ணன், என் மச்சான், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இங்கே இருக்க முடியாது என்று முடிவெடுத்தவர்களில் ஒருவர். அந்த நேரத்தில் ஐரோப்பாவுக்கு ஓர் அபூர்வமான வழி இருந்தது. கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் போய் இறங்கினால், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போய்விடலாம். அந்தக் கோட்டைத் தேச எல்லையாக மேற்கு நாடுகள் ஏற்காததால், அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1985இல் அந்த வழி அடைபடும் முன் மச்சான் போய்ச் சேர்ந்தார். பிறகு 'தலை மாத்தின' கடவுச்சீட்டு ஒன்றில், அதாவது இன்னொருவரின் கடவுச்சீட்டில் தன் படத்தை ஒட்டி, கனடாவில் இறங்கி அகதிக் கேஸ் போட்டார். அதற்குச் சற்று முன்புதான், 1985 ஏப்ரல் 4இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கனடா மண்ணில் நின்று புகலிடம் கேட்கிற எவருக்கும், நேரில் பேசித் தன் கதையைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அந்த வாய்ப்பில்தான் மச்சான் இன்று கனடாப் பிரஜை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். புகலிடம் கேட்பது குற்றமில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை, உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்புவிக்கும் அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதை எழுதியவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருந்தது. தப்பி ஓடுகிறவருக்கு விசா கிடைக்காது. மாணவனுக்கு விசா உண்டு, வியாபாரிக்கு உண்டு, சுற்றுலா போகிறவருக்கும் உண்டு. ஆனால் கொழும்பில் ஒரு தூதரகத்துக்குப் போய் "என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், விசா தாருங்கள்" என்று நீட்டுவதற்கு ஒரு படிவம் இல்லை.

அதுமட்டுமா, ஒவ்வொரு கதவாகச் சாத்தவும் செய்தார்கள். 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் தங்கள் உடுப்பைக் களைந்து போராடினார்கள். அந்த ஆண்டே அங்கே ஒரு சட்டம் வந்தது. சரியான கடதாசி இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனம் தலைக்கு 1,000 பவுண்டு கட்ட வேண்டும் என்றது அது. மற்ற நாடுகளிலும் இதே ஏற்பாடுகள் வந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பொதியை நிறுக்கும் இடத்திலேயே எங்கள் விசாவைத் துருவித் துருவிப் பார்ப்பது இதனால்தான். விமானத்தில் ஏறவே முடியாதவர் படகில் ஏறுகிறார். விமானச் சீட்டைவிடப் பல மடங்கு காசைப் படகுக்காரனிடம் கொடுக்கிறார்.

இவ்வளவும் தெரிந்த மச்சான், 2010 ஓகஸ்டில் 492 தமிழரோடு 'சன் சீ' கப்பல் கனடாவுக்குப் போனபோது தொலைபேசியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நாங்கள் சண்டைக்குத் தப்பி வந்தனாங்கள். இப்ப வாறவை காசு தேடி வரினம். எங்கட பேரும் கெடப்போகுது." போர் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. என் மனைவி பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டாள். தாத்தா பரணடியில் நின்று சொன்ன அதே வார்த்தையை மச்சான் ரொறன்ரோவிலிருந்து வேறு சொற்களில் சொன்னதாகவே எனக்குப் பட்டது. ஒப்பீடு கடுமையானது என்று தெரியும். ஆனாலும் வெள்ளைக்காரன் தன்னையும் அந்தக் கப்பலோடு சேர்த்துப் பார்த்துவிடுவானோ என்ற பயம் அவர் குரலில் இருந்தது.

தங்கச்சியின் கோபம் வேறு வகை. அதை நான் மதிக்கிறேன். அவளும் கணவரும் அவுஸ்திரேலியாவுக்குப் புள்ளி முறையில் விண்ணப்பித்தவர்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினாள். தொழில் தகைமையை மதிப்பிட ஒரு கட்டணம், மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்று, பொலிஸ் சான்றிதழுக்கு இன்னொன்று. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசும் கல்யாண நகையும் அதில் போயின. இரண்டரை வருடம் தபால்காரனைப் பார்த்தபடி இருந்தாள். மெல்பேர்னுக்குப் போய் ஒரு வருடம் ஆவதற்குள் 2012 வந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையிலிருந்து 6,000க்கும் மேற்பட்டோர் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அதில் என் மனைவியின் அக்கா மகனும் ஒருவன். "அண்ணா, அப்ப நாங்க ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டோம்? ஒரு போட்ல ஏறியிருக்கலாமே" என்று அவள் அழுத குரலில் கேட்டாள். வரிசையில் நின்றவருக்கு வரிசை மீறப்படும்போது வலிக்கும். வரிசை வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஒரு நாடு தன் வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது தவறில்லை. ஆனால் தங்கச்சிக்குப் பட்டம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, அடகு வைக்க நகை இருந்தது. முள்ளிவாய்க்காலிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து கூரை இல்லாத வீட்டுக்கும் வந்த பையனுக்கு எந்த வரிசையில் இடம் இருந்தது?

அவன், கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் ஐந்து லட்சம் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்திருந்தான். நீர்கொழும்புக்குத் தெற்கே ஒரு கரையில் இரவில் பலநாள் மீன்பிடிப் படகில் ஏற்றினார்கள். கரை மறையும்வரை மீனுக்கு ஐஸ் போடும் அறைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். "சித்தப்பா, மீன் மணத்தை விடச் சனத்தின்ர சத்திதான் தாங்கேலாமல் இருந்தது. தண்ணி ஒரு மூடியளவு தருவினம்" என்று பிறகு சொன்னான். பத்தொன்பது நாளில் அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவு. அங்கே ஒரு சிறு விசாரணை. உன் கதையில் புகலிடத்துக்கு இடமில்லை என்று சொல்லி, சில கிழமைகளில் விமானத்தில் ஏற்றிக் கட்டுநாயக்கவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டை விட்டுப் போவதும் இலங்கைச் சட்டத்தில் குற்றம். 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதே குடிவருவோர், குடியகல்வோர் சட்டம்தான். சின்னத் தாத்தா உள்ளே வந்ததற்குக் குற்றவாளியானார், அக்கா மகன் வெளியே போனதற்கு. நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் பிணை எடுக்க நானும் போயிருந்தேன். நீதிமன்ற வாசலில் அவனைப் போல நாற்பது பேரளவில் நின்றார்கள். அவர்களில் தமிழர் மட்டும் இல்லை, சிலாபத்துச் சிங்கள மீனவர்களும் இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் மட்டும் அங்கே இல்லை.

ஏஜென்சிக்காரர்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம் கிடையாது. இல்லாத கதவை விற்றுத் தின்கிறார்கள், கடலில் பிள்ளைகளைச் சாகவிடுகிறார்கள். ஆனால் கதவுகள் சாத்தப்படச் சாத்தப்பட அவர்களுடைய விலைதான் ஏறுகிறது. அவுஸ்திரேலியா 2013 ஜூலை 19 முதல் படகில் வருபவர் எவரும் அங்கே ஒருநாளும் குடியேற முடியாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் படகுகள் நிற்கவில்லை, வேறு திசை பார்த்தன. சில பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்குப் போயின. தமிழகக் கரையிலிருந்து கிளம்பிய ஒன்று 2021 ஒக்டோபரில் பிரித்தானிய, அமெரிக்க இராணுவத் தளம் உள்ள டியாகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. அதில் இருந்தவர்களில் பலர் மூன்று வருடத்துக்கும் மேல் அந்த இராணுவத் தீவில் கூடாரத்தில் கிடந்தார்கள். 2022 நெருக்கடியில், பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் போய் இறங்கின. என் தாத்தா புறப்பட்ட அதே தனுஷ்கோடி. அவர்களை இந்தியச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே அழைக்கிறது.

கொழும்புக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் இந்த நகரத்தில் ஒரு லொட்ஜில் தங்கித்தான் போனார்கள். தூதரக நேர்காணலுக்கு வந்தவரும், வெளிநாட்டில் இருக்கும் கணவர் அழைத்து மருத்துவச் சோதனைக்கு வந்த 'ஸ்பொன்சர்' பெண்ணும், ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்த பையனும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். 2007 ஜூன் 7 விடியற்காலை அந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள், பெரும்பாலோரை வவுனியாவுக்கு. கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்றார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சொந்த நாட்டின் அடையாள அட்டை கையில் இருந்தும் 'ஏன் வந்தாய்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்தப் பஸ் நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு 'முறையாக வந்தவர்' என்ற சொல்லை எளிதாகச் சொல்ல என்னால் முடிவதில்லை.

ரோஹிங்கியாக்களின் நிலை இதைவிட மோசம். இலங்கை 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே வரும் அகதிகளை ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் பதிந்து, வேறு நாடொன்றில் இடம் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு என்பதே நடைமுறையாக இருந்தது. அதுவரை அவர்கள் வேலை செய்யவும் சட்டத்தில் இடமில்லை. 2017 செப்டம்பரில் கல்கிசையில் 31 ரோஹிங்கியாக்கள் இருந்த வீட்டைப் பிக்குகள் முன்னால் நிற்க ஒரு கும்பல் சூழ்ந்து தாக்கியது. முள்ளிவாய்க்காலில் இறங்கியவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். கடலில் வந்த அவர்களுக்கு முதல் சோறு கொடுத்தது 2009இல் அதே மணலில் எல்லாவற்றையும் இழந்த சனங்கள் என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அன்றிரவு தங்கச்சி வாட்ஸ்அப்பில் வந்தாள். அவளும் செய்தி பார்த்திருந்தாள். "அவங்கள வச்சுக்கிட்டு என்னம்மா செய்யப் போறாங்க?" என்று கேட்டாள். அம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. பரணில் இருந்தவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சின்னத் தாத்தா ஊரிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கடிதம் போடுவாராம். தாத்தா பெயருக்கு இல்லை, அப்பத்தா பெயருக்கு. அதில் ஒருமுறைகூட அண்ணனைப் பற்றிக் குறை எழுதியதில்லையாம். தாத்தா அந்தக் கடிதங்களைத் தானே உரக்க வாசித்துக் காட்டுவார், வாசித்ததும் எரித்துவிடுவார். அதனால்தான் அந்த டின்னுக்குள் அவருடையது எதுவும் இல்லை. இதை நானும் தங்கச்சியும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்து, வன்னிக்குப் போகிற லொறி ஒன்றில் சாமான் சேர்த்து அனுப்புவதாக எங்கள் தெருப் பையன்கள் வந்தார்கள். அம்மா பேரப்பிள்ளைகளின் பழைய உடுப்புகளைத் துவைத்து மடித்து, இரண்டு பால்மாப் பைக்கற்றையும் சேர்த்து ஒரு உரப்பையில் கட்டினார். பை மாறிப்போகாமல் மேலே எங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். பேரெல்லாம் எழுதாத" என்றார்.